சுவருக்கு அந்தப் பக்கத்துக் கரண்டு

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தால் கவரின் மேல் காரணத்தை எழுத வேண்டும். ஆராதனை முடிவில் ஆயர் அதை மைக்கில் வாசிப்பார். பரீட்சையில் தேறியதற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, மகளுக்கு வரன் அமைந்ததற்காக என்று வரிசையாகப் போகும். இந்தப் புது வருஷ ஆராதனையில் என் கவரை எடுத்ததும் ஆயர் கொஞ்சம் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். “சகோதரி ஜெனிதா டேவிட்சன், வீட்டு ஃப்ரிட்ஜ் பிளக் பாயிண்டில் கரண்டு நின்றுபோனதற்காக” என்று வாசித்தார். சபை கொல்லென்று சிரித்தது.

சிரிக்கட்டும். அந்தப் பாயிண்டில் கரண்டு நிற்காமல் இருந்திருந்தால் பக்கத்துப் போர்ஷன் பங்காரம்மா இன்றைக்கு உயிரோடு இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் டெஸ்டரும் கையுமாக ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவர் சுவருக்கு அந்தப் பக்கம் ஈரத் தரையில் மண்டை உடைந்து கிடந்தார். எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் சவுரிபாளையத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பங்காரம்மாதான் வீட்டு ஓனர். ஒரே வீடாக இருந்ததை அவர் கணவர் லட்சுமணசாமி நடுவில் ஒரு சுவரை எழுப்பி இரண்டு போர்ஷனாக்கினார். எங்களுக்கு விட்ட பகுதிக்குத் தனி மீட்டர், புது ஒயரிங் எல்லாம் அவரே நின்று செய்து கொடுத்தார். அவர் காலமான பிறகு பங்காரம்மா தனியாக இருக்கிறார். ஒரே மகள் ஹாரிகா பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கிறாள், குடும்பமும் அங்கேதான். பங்காரம்மாவுக்கு வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

கோபம் அடிக்கடி வரும். எனக்கும் வரும். அதனால் எங்களுக்குள் மாதத்துக்கு ஒரு சண்டையாவது உண்டு.

ஆனால் கரண்டுக்கு மட்டும் சண்டை கிடையாது. கரண்டு போனால் போதும், பங்காரம்மா வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிச் சுவரோரம் வந்து நின்றுவிடுவார். “ஏனுங்க, உங்கூட்டுல கரண்டு இருக்குதுங்களா?” தெருவே இருண்டு கிடந்தாலும் கேட்பார். “இல்லீங்கம்மா, எங்களுக்கும் இல்லீங்க” என்று நான் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி. “அப்பச் செரி, எல்லாத்துக்குந்தான் போயிருக்குது” என்று திரும்பிப் போவார். தனக்கு மட்டும் போகவில்லை என்பதில் அப்படி ஒரு ஆறுதல். பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட இந்தக் கேள்வி நிற்காது. என்னைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துக் கேட்பார். “நம்முளுக்கு மட்டும் போச்சோ, ஊருக்கே போச்சோ, ஆருக்குத் தெரியும்!” நானும் ஆகாயத்தைப் பார்த்தே சொல்வேன், “ஊருக்கேதான் போச்சு!”

அந்த மார்கழியிலும் பேச்சு இல்லை. காரணம் கோலம். மார்கழி பிறந்தால் பங்காரம்மா விடியுமுன் எழுந்து, தலைக்குக் குளித்து, வாசலை அடைத்து ஒரு கோலம் போட்டு, நடுவில் பூசணிப் பூ வைப்பார். என் வீட்டுக்காரர் டேவிட்சன் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று அந்தக் கோலத்தின் நட்டநடுவே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனார். பூசணிப் பூ நசுங்கிவிட்டது. பங்காரம்மா கத்தினார். “வாசல் பொதுவுங்க, வண்டி என்ன பறந்தா போகும்?” என்று நான் பதிலுக்குக் கத்தினேன். அதிலிருந்து அவர் என் பக்கம் திரும்புவதில்லை. நானும் திரும்புவதில்லை. மறுநாள் கோலம் இன்னும் அகலமாக இருந்தது, அது வேறு விஷயம்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஹாஸ்டலில் படிக்கும் மகள் ஃபெமினா கிறிஸ்துமஸ் லீவுக்கு அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது. அவளுக்காக வாங்கிய கறி, அரைத்த மாவு, கேக்குக்கு வெண்ணெய் என்று ஃப்ரிட்ஜ் நிறைய அடைத்து வைத்திருந்தேன். காலையில் பால் எடுக்கத் திறக்கிறேன், உள்ளே விளக்கு எரியவில்லை. எந்நேரமும் முனகிக்கொண்டே இருக்கும் ஃப்ரிட்ஜ் வாயை மூடிக்கொண்டு நின்றது.

“ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்க!” என்றேன்.

“டிவி ஓடுதே ஜெனி” என்றார் ஹாலிலிருந்து.

ஓடியது. அடுப்படியில் லைட் எரிந்தது. மிக்ஸி சுற்றியது. ஃப்ரிட்ஜ் மட்டும் செத்துக் கிடந்தது. அன்றைக்கு எனக்கு உயிர்ப் பிரச்சினை அந்தக் கறிதான். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

டேவிட்சனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் ஒரு பம்பு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தடுக்கி விழுந்தால் மோட்டார் கம்பெனி வாசலில் விழுகிற இந்த ஊரில், மோட்டார் கம்பெனியிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு பல்பு மாற்றுவதற்கு ஜெபம் பண்ணுகிற மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆனாலும் கணக்கர் என்பதால் ஒன்றொன்றாகக் கழித்துப் பார்க்கிற புத்தி உண்டு. போன் சார்ஜரை அந்த பிளக்கில் சொருகினார். ஏறவில்லை. “அப்ப ஃப்ரிட்ஜ் மேல தப்பு இல்லைன்னு வெச்சுக்கலாம்” என்றார். வெச்சுக்கலாம் என்பதோடு நிற்காமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சபைக்குப் போய், கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டுக்கு வாங்கி வைத்திருந்த நீள எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இரவல் வாங்கி வந்தார். அதை ஹால் பிளக்கில் மாட்டி ஃப்ரிட்ஜை அதில் சொருகியதும், ஃப்ரிட்ஜ் பழையபடி முனக ஆரம்பித்தது.

“ஆச்சு” என்று கையைத் தட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். “பாயிண்ட்தான் போயிருக்கு. திங்கக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து பாத்துக்கட்டும்.”

உண்மையில் விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். கறி தப்பித்துவிட்டது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் காபியைக் குடித்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்திருப்பாள். நான் காபித் தம்ளரோடு வந்தேன். அடுப்படி வாசலில் குறுக்கே கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் காலில் மாட்டியது. காபி முழுக்கத் தரையில்.

எனக்கு ஒரு சுபாவம் உண்டு. கால் இடறினால் இடறிய பொருளை விடமாட்டேன். என் அம்மா வீட்டில் இதை வியாதி என்பார்கள். தரையைக்கூடத் துடைக்காமல் கத்த ஆரம்பித்தேன்.

“எல்லாப் பாயிண்ட்லயும் வருது, இதுல மட்டும் வராமப் போயிருமா? என்னன்னு பாக்காம நான் உடமாட்டேன்! எந்திரிங்க!”

“ஜெனி, நமக்கு எதுக்கு கரண்டு வேலை…”

“எந்திரிங்கறேன்ல!”

அவர் எழுந்தார். மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். சுவிட்சுகள் எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு ஒழுங்காக நின்றன. ஒவ்வொன்றையும் இறக்கி ஏற்றினோம். ஹால் லைட் அணைந்து எரிந்தது, பெட்ரூம் லைட் அணைந்து எரிந்தது, அந்த பிளக் மட்டும் எதற்கும் அசையவில்லை. டெஸ்டரை அதன் ஓட்டைகளில் வைத்துப் பார்த்தார். எதிலும் எரியவில்லை. டெஸ்டரே கெட்டுவிட்டதோ என்று மிக்ஸி பிளக்கில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. திரும்ப இதில் வைத்தார். இல்லை.

“டெஸ்டர் நல்லா இருக்கு” என்றார்.

“டெஸ்டருக்கு நற்சாட்சிப் பத்திரமா கேட்டேன்? பிளக்குக்கு என்னன்னு சொல்லுங்க!”

எங்கள் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு லைட் கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரே மேளச் சத்தம். “உள்ள ஒயர் லூசாகி இருக்குமுங்க்கா. மெயின ஆஃப் பண்ணிப்போட்டுக் கழட்டிப் பாருங்க. பயமா இருந்தா உட்ருங்க, திங்கக்கிழமை வாரேன்” என்றான். பயமா இருந்தா என்று சொன்னதுதான் அவன் செய்த நல்ல காரியம். அதற்குப் பிறகு நான் விடுவேனா?

எங்கள் மெயினை அணைத்தோம். டேவிட்சன் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணினார். கறி கெட்டுக்கொண்டிருக்கிறது என்று நான் நினைவூட்டினேன். அவர், காலில் செருப்பில்லாமல் நிற்கக்கூடாது என்று ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, திருகுகளைக் கழற்றி பிளேட்டை வெளியே இழுத்தார்.

ஒயர் எதுவும் லூசாக இல்லை. கருகவும் இல்லை. இறுக்கமாக, நன்றாகவே பிடித்திருந்தது. டேவிட்சன் டார்ச்சை அடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்னங்க, ஒயரோட பேசறீங்களா?”

“ஜெனி, இங்க வா. நம்ம ஒயர் எல்லாம் என்ன கலர்?”

“சிவப்பு, கருப்பு, பச்சை.”

“இதப் பாரு.”

பார்த்தேன். அழுக்கேறி வெளுத்துப்போன பழைய ஒயர். எங்கள் மற்ற பாயிண்டுகளுக்கு ஒயர் மேலேயிருந்து இறங்கும். இதற்கு மட்டும் பைப் பக்கவாட்டில், நேராகச் சுவருக்குள் போனது. லட்சுமணசாமி நடுவில் எழுப்பிய அந்தச் சுவருக்குள்.

“வரவு எங்கிருந்துன்னு பாக்காம செலவ எழுதக்கூடாது” என்றார் டேவிட்சன், ஆபீசில் பேசுகிற குரலில். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சுவரைத் தட்டினார். டொக், டொக். “அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“பங்காரம்மா குளியல் ரூமு.”

“அப்ப இது நம்ம கரண்டே இல்ல ஜெனி. வீடு ஒண்ணா இருந்தப்ப போட்ட பழைய லைன். சுவர் எழுப்பும்போது இத ஒண்ண மட்டும் மாத்தாம உட்டுட்டாங்க. நம்ம ஃப்ரிட்ஜ் இத்தனை நாளா பங்காரம்மா கரண்டுல ஓடியிருக்கு.”

எனக்கு விஷயம் விளங்கிய அந்த நொடியில் என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தம்மா வேண்டுமென்றே அணைத்துவிட்டார் என்று தோன்றியது. கோலத்துக்குப் பழி வாங்க என் கறியைக் கெடுக்கிறார் என்று தோன்றியது. கூந்தலை அள்ளி முடிந்தேன். சேலையை இழுத்துச் சொருகினேன்.

“இன்னைக்கு உண்டு இல்லைன்னு ஆக்கிப்போடறேன் பாருங்க” என்று பொடக்காலிக் கதவைத் திறந்து சுவரோரம் போனேன். “ஏனுங்கம்மா!” என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

அந்த இடத்தில், அந்தச் சுவரோரத்தில்தான் எனக்கு உறைத்தது. இங்கே நின்று கூப்பிடுகிற ஆள் நான் இல்லை. எப்போதும் அவர்தான்.

வேகமாக உள்ளே வந்தேன். “ஏனுங்க, இந்த பிளக்குல கரண்டு இல்லைன்னா, பங்காரம்மா ஊட்டுலயும் இல்லைன்னுதான அர்த்தம்?”

“அப்படித்தான் இருக்கணும்.”

“அப்ப ஏன் அவங்க வந்து கேக்கல?”

“உன் மேல கோவமா இருப்பாங்க.”

“கரண்டுக்குக் கோவம் கெடையாதுங்க! செத்தாலும் கேப்பாங்க. வானத்தப் பாத்தாவது கேப்பாங்க.”

“மெயின ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். அன்னூர்ல அவங்க ஒறம்பரை, சொந்தக்காரங்க இருக்காங்கல்ல?”

அதற்கும் எனக்குப் பதில் தெரியும். ஊருக்குப் போனால், எத்தனை சண்டையாக இருந்தாலும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகச் சாவியை எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார், சாவி மட்டும் தொங்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். கேட்டில் சாவி இல்லை. திரும்பி வந்தால் டேவிட்சன் முகம் வெளுத்து நிற்கிறார்.

“ஜெனி… காலையில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கப் போனேன்ல. அவங்க வாசல்ல இன்னைக்குக் கோலம் இல்ல. அப்பாடா, தப்பிச்சோம்னு வண்டிய நேரா ஓட்டிட்டுப் போனேன்.”

மார்கழி. பங்காரம்மா வாசல். கோலம் இல்லை.

டேவிட்சன் பொடக்காலிச் சுவர் ஏறிக் குதித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்காலி மேல் ஏறவே யோசிக்கிற மனிதர். நான் முன்பக்கமாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து “ஜெனி!” என்று அவர் அலறியது தெருவுக்கே கேட்டது. எப்படி அந்தச் சுவரை நான் தாண்டினேன் என்று இப்போதும் தெரியாது. முழங்காலில் தோல் போனதைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

பொடக்காலிக் கதவு திறந்து கிடந்தது. குளியல் அறைக்குள் பங்காரம்மா ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தார். தலை துவைக்கிற கல்லின் விளிம்போரம் இருந்தது. கல்லிலும் தரையிலும் ரத்தம். ஒரு கால் இயல்பாக இல்லாத கோணத்தில் மடங்கியிருந்தது. பக்கத்தில் வாளி, வாளிக்குள் தண்ணீர் காய வைக்கிற ஹீட்டர் ராடு, அதன் ஒயர் சுவர் பிளக்கில். எங்கள் ஃப்ரிட்ஜ் பாயிண்டுக்கு நேர் பின்னால்.

ஹாரிகா கீசர் வாங்கி மாட்டிக் கொடுத்திருக்கிறாள். அது ஏறுவதற்குள் விடிந்துவிடும் என்று பங்காரம்மா ராடுதான் போடுவார். சூடாகிவிட்டதா என்று சுவிட்சை அணைக்காமல் வாளிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

“தொடாதீங்க! மொதல்ல பிளக்கப் புடுங்குங்க!” என்றேன். கரண்டு இல்லை என்று தெரியும். இருந்தாலும் புடுங்கச் சொன்னேன். டேவிட்சன் புடுங்கி எறிந்துவிட்டு மூக்கருகில் விரலை வைத்தார்.

“மூச்சு இருக்கு.”

நான் மண்டியிட்டு பங்காரம்மா கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. “அம்மா… அம்மா… நான் ஜெனிதாங்க” என்றேன். இமை லேசாக அசைந்தது. அவ்வளவுதான். டேவிட்சன் 108-க்குப் பேசினார். நான் பெட்ஷீட்டை எடுத்து வந்து போர்த்தி, என் துண்டால் காயத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ண வாய் வரவில்லை. “போகாதீங்கம்மா, போகாதீங்கம்மா” என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷாக் அடித்ததும் அவர் வீட்டு மெயின் பெட்டியில் இருந்த ஈ.எல்.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து கரண்டைத் துண்டித்திருக்கிறது. அன்னூர்த் தோட்டத்து மோட்டார் ரூமில் தனக்கு ஒருமுறை ஷாக் அடித்ததிலிருந்து, லட்சுமணசாமி வீட்டில் அதை மாட்டி வைத்திருந்தார். அவர் மாட்டிய பெட்டி கரண்டிலிருந்து காப்பாற்றியது. ஆனால் அடித்த வேகத்தில் கீழே விழுந்ததிலிருந்து யார் காப்பாற்றுவது? தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகுமுன் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, “மத்தியானம் வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா இங்க கொண்டு வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது” என்றார்.

மத்தியானம் வரைக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் என் கால் இடறாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை வரைக்கும்.

ஹாரிகா பெருந்துறையிலிருந்து ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எப்படிக்கா தெரிஞ்சுது உங்களுக்கு?” என்று கேட்டாள். “எங்க ஃப்ரிட்ஜ் ஓடல கண்ணு” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தக் கறியை என்ன செய்தோம் என்று எனக்கு நினைவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் ஃபெமினாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். பங்காரம்மா கண் திறந்து ஃபெமினாவைப் பார்த்து, “எளச்சுப்போட்டா” என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சுக்குத்தான் புது வருஷத்தில் கவர் போட்டேன்.

பொங்கல் கழிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பங்காரம்மா வீடு வந்து சேர்ந்தார். ஹாரிகா கூடவே இருந்தாள். பெருந்துறைக்கே வந்துவிடு என்று அவள் கெஞ்சியதற்கு, “என்ற ஊட்ட உட்டுப்போட்டு எங்கயும் வரமாட்டேன், போ” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோலச் சண்டைக்குப் பிறகு நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

“அன்னைக்கு நீ திட்டுனதெல்லாம் கேட்டுட்டேதான் கெடந்தேன் கண்ணு.”

“என்னங்கம்மா சொல்றீங்க?”

“கை கால் அசையல. வாயத் தொறந்தாச் சத்தம் வரல. காது மட்டும் நெனவு வாரப்பெல்லாம் கேட்டுச்சு. செவுத்துக்கு அக்கட்டதான நீங்க நிக்கறீங்க. பாவம், அந்தத் தம்பிய என்ன பேச்சுப் பேசற! டெஸ்டருக்கு என்னமோ பத்திரம் கேட்டேனான்னு… சிரிப்புக்கூட வந்துச்சு எனக்கு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தம்பி ‘திங்கக்கிழமை பாத்துக்கலாம்’னாரு. பகீர்னுச்சு. செரி, அவ்வளவுதான், பொசுக்குன்னு போயிர வேண்டியதுதான்னு நெனச்சேன். அப்பத்தான் நீ கத்துன. ‘என்னன்னு பாக்காம நான் உடமாட்டேன்’னு.” அவர் ரசத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். “அதுக்கப்பறம் எனக்குப் பயமில்ல கண்ணு. இவகூட நான் எத்தனை சண்ட போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? இவ உடமாட்டா. செவுத்த ஒடச்சாவது வந்துருவான்னு கெடந்தேன்.”

என் வாழ்நாளில் என் கோபத்தை நம்பி ஒரு ஜீவன் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். “இடுப்பு, இடுப்பு!” என்று கத்தினார். ஆபரேஷன் பண்ணின இடம்.

எங்கள் எலக்ட்ரீஷியன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை வந்தான். எத்தனையாவது திங்கட்கிழமை என்று கேட்கவில்லை. அடுத்த வீட்டு லைனில் ஃப்ரிட்ஜ் ஓட்டுவது ஆபத்து என்று சொல்லி, எங்கள் லைனிலிருந்து புதிதாக ஒரு பாயிண்ட் போட்டுக் கொடுத்தான். பழையதைக் கழற்றி அடைத்துவிடவா என்று கேட்டான். நான் டேவிட்சனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“அடைக்க வேண்டாம்ப்பா. அதுல ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டுக் குடு” என்றார் டேவிட்சன். அவர் சொல்லி நான் மறுத்துப் பேசாத முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது என் அடுப்படிச் சுவரில் பங்காரம்மா வீட்டுக் கரண்டில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. காலையில் அடுப்பைப் பற்ற வைக்குமுன் அதைத்தான் பார்க்கிறேன். விஷயம் தெரிந்ததும் பங்காரம்மா ஒரு பிடி பிடித்தார். “நானென்ன ஆஸ்பத்திரி மிசினா, லைட்டு வெச்சுப் பாக்கறதுக்கு?” என்றார். ஆனால் போன வாரம் ஹாரிகாவோடு வெளியே கிளம்பும்போது, வாக்கரைத் தட்டிக்கொண்டு எங்கள் வாசல்வரை வந்து, “மெயின ஆஃப் பண்றேன் அம்மணி. பல்பு அணஞ்சா ஓடியாந்து செவுரு ஏறாத” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் குனிய முடியாததால் அவர் வாசலுக்குக் கோலம் இப்போது நான்தான் போடுகிறேன். கோடு எல்லாம் கோணல். அவர் நாற்காலியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருப்பார். டேவிட்சன் ஸ்கூட்டரை இறங்கித் தள்ளிக்கொண்டு, கோலத்தைச் சுற்றி ஓரமாகப் போகிறார்.

நேற்று மத்தியானம் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் நின்றது. சுவரைப் பார்த்தேன். சிவப்பு பல்பு அணைந்திருந்தது. என் வீட்டு லைட்டும் எரியவில்லை என்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது. அதற்குள் பாதி வழி ஓடியிருந்தேன். பொடக்காலிக் கதவைத் திறக்கும்போதே, வாக்கரை டக் டக்கென்று ஊன்றிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. சுவருக்கு மேலே நரைத்த தலை தெரிந்தது.

“ஏனுங்க, உங்கூட்டுல கரண்டு இருக்குதுங்களா?”

“இல்லீங்கம்மா!” என்றேன். “எங்களுக்கும் இல்லீங்க!”

“அப்பச் செரி” என்று திரும்பப் போனவர், நின்று என்னைப் பார்த்தார். “கரண்டு இல்லைங்கறத இப்பிடிச் சிரிச்சுட்டுச் சொல்ற ஒரே ஆளு நீதான் கண்ணு” என்றார்.